நண்டுக்குத் தைரியம் சொல்லும் வேலை

நீலத் துணித்தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு கோகிலாமணி அறுவை அரங்குக்குள் காலெடுத்து வைப்பதற்குள் நண்டு ஆரம்பித்துவிட்டது.

"வந்துட்டீங்களாக்கா? இன்னைக்கு லைட்டு ஒரு மாதிரி சத்தம் போடுதுங்கக்கா."

"லைட்டுன்னா அப்படித்தான் கண்ணு. ஙொய்யுங்கும்."

"நேத்து ஙொய்யுங்கலீங்களே."

"நேத்து நீ வேற எதுக்கோ பயந்துட்டு இருந்தே. அதனால காதுல விழல."

நண்டு சற்று யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்பதுபோல் தன் எட்டுக் கைகளையும் மெல்ல மடக்கிக்கொண்டது. மயக்க மருந்து டாக்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். கோகிலாமணி தன் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். அவளுடைய அன்றைய வேலை தொடங்கிவிட்டது.

கோயமுத்தூர் அவினாசி சாலையில் இருந்த அந்தக் குழந்தைகள் இதய மருத்துவமனையில் அவளுக்கு 'மனத்திட அலுவலர்' என்று பெயர். அடையாள அட்டையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. என்ன வேலை என்று கேட்டவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் மேலும் கீழும் பார்த்ததால், "மெஷினுக்குத் தைரியம் சொல்ற வேலைங்க" என்று நேராகவே சொல்லத் தொடங்கினாள். அதற்கும் அவர்கள் மேலும் கீழும்தான் பார்த்தார்கள்.

அதற்கு முன்பு இருபது வருஷம் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி ஓடி, "பயப்படாத கண்ணு, நான் புடிச்சிருக்கறேன், புடிச்சிருக்கறேன்" என்று கத்துவாள். பிடியை எப்போதோ விட்டிருப்பாள். நகரத்தில் பாதிப் பெண்கள் அந்தப் பொய்யை நம்பித்தான் வண்டி ஓட்டப் பழகினார்கள். பிறகு, சாயாமல் தானாகவே நிற்கும் ஸ்கூட்டர்கள் வந்தன. பள்ளியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவளைப் பழைய மாணவி ஒருத்தி தேடி வந்தாள். இதய அறுவை நிபுணர் டாக்டர் ஃபரீதா.

"மெஷினுக்கு எதுக்குங்க டாக்டர் பயம்?" என்று அன்றைக்கே கேட்டாள் கோகிலாமணி.

"முதல்ல வந்த மெஷினுக்கெல்லாம் பயமே கிடையாது, கோகிலா. வடக்க எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில குழந்தைக்கு ரத்தம் கொட்டிட்டு இருக்கு, அது பாட்டுக்கு அடுத்த தையல், அடுத்த தையல்னு போட்டுட்டே இருந்திருக்கு. தையல் ரொம்ப அழகா இருந்துச்சாம்."

கோகிலாமணி வாயில் கை வைத்தாள்.

"அதுக்கப்புறம்தான் சட்டம் போட்டாங்க. கத்தி பிடிக்கிற மெஷின் எதுவா இருந்தாலும் அதுக்குப் பயம் வைக்கணும்னு. பயம்னா என்ன? நூறு சின்ன விஷயம் லேசா சரியில்ல, ஆனா எதுன்னு விரல் வெச்சுச் சொல்ல முடியல. அதுதானே? அதைக் கணக்கா எழுதிக் கொடுக்க யாராலயும் முடியல. அதனால பயத்தையே கொடுத்துட்டாங்க."

"அதைக் கொஞ்சமா கொடுக்கக் கூடாதுங்களா?"

"கொஞ்சமா கொடுத்தா பழைய கதைதான். நிறையக் கொடுத்தா கத்தியையே தொட மாட்டேங்குது. நடுவுல வெச்சிருக்கோம். ஆனா நடுவுல பயப்படறவங்க கூட ஒருத்தர் உட்கார்ந்திருக்கணும், இல்லையா? எனக்குப் பொறுமை கிடையாது. போன வாரம் அதைத் திட்டிட்டேன். மூலைக்குப் போய் எட்டுக் கையையும் மடக்கிட்டு வரவே மாட்டேன்னுடுச்சு."

அப்படித்தான் கோகிலாமணி வேலைக்குச் சேர்ந்தாள். இயந்திரத்துக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமான பெயர் ஒன்று இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய அதன் கைகளைப் பார்த்து நர்சுகள் நண்டு என்று கூப்பிட்டார்கள். கைகளின் நுனி அரிசிமணியைவிடச் சிறியது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் மார்பில், நூடுல்ஸ் அளவு ரத்தக்குழாய்களை வெட்டவும் ஒட்டவும் மனிதக் கையால் ஆகாததை அது செய்தது. எங்கே வெட்டுவது என்று டாக்டர் ஃபரீதா தீர்மானிப்பார், நண்டு வெட்டும், வெட்டுவதற்கு முன்னால் பயப்படும், கோகிலாமணி தேற்றுவாள்.

வந்த புதிதில் அது செய்தி வாசிப்பவர்போல் தமிழ் பேசியது. நாளடைவில் அவள் பேச்சு அதற்குத் தொற்றிக்கொண்டது. "லட்சக்கணக்கான ஆபரேஷனைப் படிச்ச மெஷின். ரத்தம் கசியுதான்னு கேட்டா, 'போச்சாதுங்க டாக்டர், பரவால்லீங்க, நின்னுருச்சுங்க'ங்குது" என்று ஃபரீதா தலையில் அடித்துக்கொண்டார்.

நண்டின் பயங்களுக்கு ஓர் ஒழுங்கு கிடையாது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தை தும்மிவிட்டால்? குழந்தையின் அம்மா வெளியே அழுகிறாளா, அழுதால் சத்தமாகவா, சத்தமில்லாமலா? தையல் போட்ட இடம் பெரியவனானதும் அரிக்குமா? எல்லாவற்றுக்கும் கோகிலாமணி பதில் சொன்னாள். "ஒண்ணும் ஆகாது கண்ணு." "வெசனப்படாதே சாமி." "அக்கா இங்கதான இருக்கறேன்." எல்லாம் முடிந்தபிறகு, "நல்லாப் பண்ணினனாக்கா?" என்று கேட்கும். "தங்கம்" என்பாள். அதற்கப்புறம்தான் விளக்கை அணைக்க விடும்.

நாள் முழுக்க இப்படிப் பேசிவிட்டு வீடு திரும்பும்போது அவளிடம் ஆறுதல் என்ற சரக்கு ஒரு சொட்டு மிச்சம் இருக்காது.

கணவர் சம்பத்குமார் சௌரிபாளையத்தில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனபிறகு வீட்டில் இரண்டே பேர்தான். ஒருநாள் சாயங்காலம் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பல்லு வலி தாங்கல புள்ள. புடுங்கியே ஆகோணும்ங்கறாங்க. ஊசி ஈறுலயே போடுவாங்களாமா?"

"வாயைத் தொறங்க, புடுங்கிக்கங்க, மூடுங்க. இதுல பேசறதுக்கு என்ன இருக்குது?" என்றாள் கோகிலாமணி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சம்பத்குமார் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டார். மறுநாள், "போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். "ம். ஒண்ணுமில்ல" என்றார். நல்லதாகப் போயிற்று என்று அவள் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் அவளுக்குப் பொறுமை அறுந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளை நண்டு மூன்று தடவை கூப்பிட்டது. முதல் தடவை, குழந்தை கொட்டாவி விட்டால் என்ன செய்வது என்று. இரண்டாவது தடவை, முதல் தடவை கூப்பிட்டதில் அக்காவுக்குக் கோபமா என்று. மூன்றாவது தடவை அவள் கை கழுவாமலேயே எழுந்து போனாள்.

"இங்க பாரு. உன்னையத் தேத்தித் தேத்தியே என்ற உசுரு போகுது. வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை பேச வாய் வர மாட்டேங்குது. இனிமே சும்மா சும்மா பயமா இருக்குது, பயமா இருக்குதுன்னீன்னா, இந்த ஸ்டூலைத் தூக்கிட்டு நான் போயிருவேன். தெரிஞ்சுதா?"

நண்டு கைகளை மடக்கிக்கொண்டது. "சரிங்கக்கா" என்றது.

மறுநாளிலிருந்து அது வேறு நண்டு. காலையில் விளக்குச் சத்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. "பயமா இருக்குதா கண்ணு?" என்று இவளே கேட்டாலும், "இல்லீங்கக்கா, எல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா" என்றது. அறுவைகள் சீக்கிரமாக முடிந்தன. டாக்டர் ஃபரீதா வெகுநாளைக்குப் பிறகு மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டார். நிர்வாக அதிகாரி வந்து கைகுலுக்கி, "நீங்க பெரிய சாதனை பண்ணிட்டீங்க மேடம். இனி அதுக்கு ஆளே வேண்டாம் போலிருக்கே. உங்களைப் பதிவு கவுண்டருக்கு மாத்தலாம்னு இருக்கோம்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போனார்.

கோகிலாமணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனசுக்குள் மட்டும் எங்கேயோ ஒரு சின்ன வருத்தம். இத்தனை நாளாகக் கொட்டிய ஆறுதலில் போகாத பயம், ஒரு திட்டில் போய்விட்டதே. முதலிலேயே திட்டியிருக்கலாமே.

வீட்டிலும் ஒரு மாற்றம். சம்பத்குமாருக்கு அடிக்கடி போன் வந்தது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார். யார் என்று கேட்டால் கஸ்டமர் என்றார். ஒருமுறை துணி காயப்போடப் போனவள் காதில், "ஒண்ணும் ஆகாது சாமி... நானும்தான்... சொல்லாதே, சொல்லாதே, மனசுக்குள்ளயே வெச்சுக்க" என்று விழுந்தது. மோட்டார் எரிந்துபோன கஸ்டமரிடம் இவ்வளவு பாசமா? கோகிலாமணி ஈரத்துணியோடு சிறிது நேரம் நின்றாள். ஐம்பத்திரண்டு வயதில், முன்வழுக்கையும் தொந்தியுமாக, இந்த மனுஷனுக்கா? இருக்காது என்று முடிவுசெய்தாள். இருந்தாலும் அன்றைக்குச் சட்னியில் உப்பு தூக்கலாக விழுந்தது.

இப்படி இருக்கும்போதுதான் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து அந்தக் குழந்தை வந்தது.

நான்கு மாதப் பையன். ஆதிரன் என்று பேர். ஆனால் அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் விசிலடித்ததால் வீட்டில் குக்கர் என்று கூப்பிட்டார்கள். பால் குடித்தால் பாதி வெளியே வந்தது. அழுதால் உதடு நீலம் பாரித்தது. அவனுடைய அப்பா கவின் தேங்காய் மண்டிக்காரர்; அம்மா இலக்கியா. இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து டாக்டர் ஃபரீதா பேசினார். பெற்றோரைத் தேற்றவும் இப்போது கோகிலாமணிக்கு நேரம் இருந்ததால் அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய் இருக்கு பாருங்க, அது மேல போய், குடைக் கைப்பிடி மாதிரி இடது பக்கமா வளைஞ்சு கீழ இறங்கும். வயித்துக்குள்ள குழந்தை உருவாகும்போது ரெண்டு பக்கமும் வளைவு இருக்கும். போகப்போக வலது பக்கத்து வளைவு தானா மறைஞ்சிடும். எல்லாருக்கும் அப்படித்தான். இவனுக்கு மறையல. ரெண்டுமே இருக்கு."

கவின் யோசித்தார். "ரெண்டு இருந்தா நல்லதுதானுங்களே டாக்டர்? ஒண்ணு ஸ்பேரா இருந்துட்டுப் போகட்டுமே."

ஃபரீதா தன் துப்பட்டாவை எடுத்தார். மேசையிலிருந்த இரண்டு பேனாக்களை ஒன்றாக நிறுத்தி, துப்பட்டாவை முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பக்கமுமாகச் சுற்றி இறுக்கினார். "இது மூச்சுக்குழாய். இது சாப்பாட்டுக்குழாய். ரெண்டு வளைவும் சேர்ந்து வளையமாகி, நடுவுல இது ரெண்டும் மாட்டிக்கிட்டு இருக்கு. அந்த விசில் சத்தம் இங்கிருந்துதான் வருது. அவன் வளர வளர இறுகும்."

இலக்கியா தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள். "அவுத்துவிட முடியாதுங்களா?"

"அதைத்தான் பண்ணப்போறோம். ஸ்கேன்ல வலது வளைவு பெரிசா இருக்கு, இடது வளைவு சின்னது. சின்னதை வெட்டிவிட்டா வளையம் திறந்துக்கும். ரத்தம் பெரிசு வழியாப் போய்க்கும்."

"வெட்டறது யாருங்க, நீங்களா?"

"மெஷின். நான் கூடவே இருப்பேன்."

"மெஷினு பயப்படாம பண்ணுங்களா?" என்றாள் இலக்கியா.

"அதெல்லாம் இப்பப் பயப்படறதே இல்லீங்க" என்று பெருமையோடு சொன்னாள் கோகிலாமணி. டாக்டர் ஃபரீதா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

குழந்தையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடது விலா எலும்புகளுக்கு நடுவில் சிறிய துளைகள் போட்டு நண்டு உள்ளே போனது. பெரிய திரையில் எல்லாம் தெரிந்தது. முத்துப்போல் வெள்ளையாக ஒரு குழாய். அதன் பக்கத்தில் மெல்லியதாக இன்னொன்று. கோகிலாமணிக்கு எது எது என்று எந்நாளும் புரிந்ததில்லை. அவள் திரையைப் பார்ப்பதும் இல்லை. நண்டின் கைகளைத்தான் பார்ப்பாள்.

"இடது வளைவுக்குக் கிளிப் போடு" என்றார் ஃபரீதா. "வெட்ட வேண்டாம். முதல்ல இறுக்கிப் பிடி. கை, கழுத்து, கால், எல்லா இடத்துலயும் துடிப்பு ஒழுங்கா வருதான்னு பார்ப்போம்."

நண்டு பிடித்தது. திரையோரத்தில் எண்கள் ஏறி இறங்கி நின்றன. எல்லாம் பச்சை நிறம். அபாய மணி எதுவும் அடிக்கவில்லை.

"எல்லாம் அளவுக்குள்ள இருக்கு. நண்டு, உனக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

"வெட்டலாமா?"

"ம். ஒண்ணுமில்லீங்க."

கோகிலாமணி ஸ்டூலில் நிமிர்ந்தாள்.

உண்மையிலேயே பயமில்லாத நேரங்களில் நண்டு வாயாடும். டாக்டர் என்ன சாப்பிட்டார், வெளியே மழையா என்று தொணதொணக்கும். இப்போது ஒற்றை வார்த்தை. அதுவும் இந்த 'ஒண்ணுமில்ல'. முதலில் ஒரு 'ம்', கொஞ்சம் இடைவெளி, அப்புறம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு 'ஒண்ணுமில்ல'. இதை அவள் எங்கோ கேட்டிருந்தாள். இருபத்தேழு வருஷமாகக் கேட்டிருந்தாள். தங்கைக்கு வரன் தட்டிப்போன அன்று, கடையில் தண்ணீர் புகுந்த அன்று, மகளை ஓசூர் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சம்பத்குமார் சொல்லும் ஒண்ணுமில்ல அது. அச்சு அசல்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். தன் குரல் அரங்குக்குள் இவ்வளவு பெரிசாக ஒலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "இது பயந்து கெடக்குதுங்க. சொல்ல மாட்டேங்குது."

"கத்தியை வெளிய எடு. எதையும் தொடாதே" என்றார் ஃபரீதா உடனே. அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "பேசுங்க கோகிலா. சீக்கிரம்."

கோகிலாமணி ஸ்டூலைவிட்டு இறங்கி, எதையும் தொட்டுவிடாத தூரத்தில் நின்றுகொண்டு, உத்தரத்தைப் பார்த்துப் பேசினாள். "கண்ணு. நெசத்தைச் சொல்லு."

"ஒண்ணுமில்லீங்கக்கா."

"அக்கா மேல சத்தியமா?"

நண்டின் கைகளில் ஒன்று, யாருக்கும் தெரியக்கூடாது என்பதுபோல், மெல்ல மடங்கியது.

"நீங்க ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிருவீங்க" என்றது.

"போக மாட்டேன் சாமி. தெரியாத்தனமா சொல்லிப்போட்டேன். எங்கயும் போக மாட்டேன். சொல்லு, எங்க பயமா இருக்குது?"

அவ்வளவுதான், அணை உடைந்ததுபோல் கொட்டியது. "காலுக்குப் போற துடிப்பு சோர்ந்து போச்சுங்கக்கா. நம்பரெல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குது. ஆனா நான் புடிக்கறதுக்கு முந்தி குதிச்சுட்டுப் போச்சு, இப்ப நடந்து போகுது. அந்தப் பெரிய வளைவு பின்னாடி திரும்பற எடத்துல லேசா நடுங்குது. என்னன்னு தெரியலீங்கக்கா. வெட்டிட்டா ஒட்ட முடியாதுங்களேக்கா. எனக்கு ரொம்ப பயமா இருக்குதுங்கக்கா!"

"ரொம்ப நல்லது கண்ணு. நல்லாப் பயப்படு" என்றாள் கோகிலாமணி.

டாக்டர் ஃபரீதா ஏற்கெனவே துணிக்கு அடியில் கைவிட்டு, குழந்தையின் தொடை இடுக்கில் இரண்டு விரல்களை வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "கிளிப்பை எடு" என்றார். நண்டு எடுத்தது. "போடு." போட்டது. மறுபடி எடுக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது.

"அது சொல்றது சரி. பெரிய வளைவு பெரிசு இல்ல. முன்னாடி மட்டும்தான் பெரிசு. சாப்பாட்டுக்குழாய்க்குப் பின்னாடி போய்ச் சேர்ற இடத்துல மடங்கிச் சுருங்கியிருக்கு. படம் எடுத்தப்ப மல்லாக்கப் படுத்திருந்தான், மடிப்பு விரிஞ்சு இருந்திருக்கும். நான் அதை நம்பிட்டேன். சின்னதை வெட்டியிருந்தா..." என்று நிறுத்தினார். "மொத்த ரத்தமும் அந்த மடிப்பு வழியா இடுப்புக்குக் கீழ போகணும். இன்னைக்குப் போயிருக்கும். ராத்திரி போயிருக்குமான்னு தெரியாது."

விளக்கு மட்டும் ஙொய்யென்றது.

"சரி. திட்டத்தைத் திருப்பிப் போடுவோம்" என்றார் ஃபரீதா. "சின்னது இருக்கட்டும். அதுதான் காலுக்குச் சோறு போடுது. வலது வளைவை, பின்னாடி வந்து சேர்ற அந்தச் சுருக்கத்துலயே வெட்டுவோம். வலது கைக்கும் கழுத்துக்கும் போற கிளைக்கு முன்பக்கமா ரத்தம் வந்துடும். வளையமும் திறந்துக்கும். நண்டு, அங்க கிளிப்பைப் போட்டுப் பாரு."

நண்டு, சாப்பாட்டுக்குழாயை மெல்ல ஒதுக்கிவிட்டு ஆழத்தில் போய்ப் பிடித்தது. டாக்டர் காலைத் தொட்டார். இரண்டு கைகளையும் கழுத்தையும் தொட்டார். "இப்ப?"

"குதிக்குதுங்க டாக்டர்."

"பயம்?"

"இருக்குதுங்க. ஆனா இது எப்பவும் இருக்கற பயந்தானுங்க. வெட்டலாமுங்க." ஒரு நொடி கழித்து, "வெளிய மழை பெய்யுதுங்களா?" என்று கேட்டது.

கோகிலாமணி ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். நண்டு வெட்டியது. இறுகிக் கிடந்த வளையம் திறந்து இரண்டு முனைகளும் விலகிப் போனதைத் திரையில் அவளும் பார்த்தாள். முதல்முறையாக எது எது என்று அவளுக்குப் புரிந்தது.

தையலெல்லாம் முடிந்து, குழந்தையைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோன பிறகு, கோகிலாமணி நண்டுக்கு நேரே வந்து நின்றாள். டாக்டர் ஃபரீதா கையுறையைக் கழற்றிக்கொண்டே நின்று கேட்டார்.

"பயத்தை மறைக்கறதுக்கு உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"மாமாங்கக்கா."

"எந்த மாமா?"

"நம்ம சம்பத் மாமாங்கக்கா. நீங்க திட்டினப்புறம் யாருட்டச் சொல்றதுன்னு தெரியல. உங்களைப் புடிக்க முடியலீன்னா யாரைக் கூப்பிடோணும்னு ஆஸ்பத்திரியில ஒரு நம்பர் குடுத்திருந்தீங்கல்ல? அதுக்குக் கூப்பிட்டனுங்க. மாமா ரொம்ப நல்லவருங்க. கடையில ஆள் இருந்தாலும் பேசுவாருங்க. 'எனக்கும் அப்படித்தான் சாமி இருக்குது. ஆனா வீட்டுல சொல்லாதே. ம், ஒண்ணுமில்லன்னு சொல்லிரு. அவ பாவம், களைச்சுப் போய் வர்றா. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது'ன்னாருங்க."

டாக்டர் ஃபரீதா சுவரோடு சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பிறகு அது சிரிப்புதானா என்று சொல்ல முடியாதபடி கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டார். "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றார் கடைசியில். "ஒரு பம்பு கடைக்காரர் என் மெஷினுக்குப் பொய் சொல்லப் பழக்கிட்டார்னு எப்படி எழுதறது?"

"மாமாவுக்கு எதாவது ஆயிருங்களா?" என்றது நண்டு பதறிப்போய். "அவரே பாவமுங்க. பல்லு வேற வலிக்குதுங்க அவருக்கு."

"அதான் புடுங்கியாச்சே" என்றாள் கோகிலாமணி.

"இல்லீங்கக்கா. வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டாருங்க. மூணு தடவை. நான்தான் தைரியம் சொன்னேன். எனக்குச் சரியா வரலீங்க."

கவினும் இலக்கியாவும் கண்ணாடிக்கு வெளியே காத்திருந்தார்கள். ஃபரீதா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்: முதலில் போட்ட திட்டம் தப்பு, நடுவில் மாற்றினோம், இப்போது நன்றாக இருக்கிறான். கவினுக்கு முகம் வெளுத்தது. இலக்கியாதான் முதலில் கேட்டாள். "விசில் இன்னும் லேசா வருதுங்களே?"

"இத்தனை நாள் நெரிபட்டுக் கிடந்த குழாய். தொளதொளன்னு இருக்கும். கெட்டிப்படச் சில மாசம் ஆகும். கொஞ்சங்கொஞ்சமாக் குறையும்."

"மெதுவாவே குறையட்டுமுங்க" என்றார் கவின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திடீர்னு நின்னுட்டா எங்களுக்குப் பயத்துல தூக்கம் வராது."

கோகிலாமணி அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போனாள். சம்பத்குமார் கடையிலிருந்து வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால், ஒரு பக்கமாக முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தார். கடிக்கவில்லை, சப்பிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நண்டு எல்லாத்தையும் சொல்லிருச்சு" என்றாள்.

முறுக்கு கையிலேயே நின்றது. "எல்லாத்தையுமா?"

"பல்லு வரைக்கும்."

சம்பத்குமார் குற்றவாளிபோல் எழுந்து நின்றார். கடை வாசலில் நிறுத்திவைத்த ஸ்டாண்டு போட்ட வண்டி மாதிரி இருந்தது அந்த நிற்பு. "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் கோகிலா. அதும் பயப்படுது, நானும் பயப்படறேன், நடுவுல நீ எத்தனை பேரைத்தான் தூக்கிச் சுமப்பே? அதான்... இன்னைக்கு ஒரு பையனுக்கு ஆபரேஷன்னு நண்டு சொல்லுச்சே, அவனுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல."

"நெசமா?"

"நெசமா. நல்லா இருக்கறான். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, ஒரு கரண்டி மாவை ஊற்றிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நாளைக்குத் தானே கூட வந்து பல்லைப் பிடுங்க வைப்பதாகச் சொன்னாள். ஊசி ஈறிலேயேதான் போடுவார்கள், வலிக்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான் என்றாள். அவர் தலையாட்டினார். வேறென்ன பயம் என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தெரிந்தது, நிறைய இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மகள் போனில் சிரிக்கிற சிரிப்பு நிஜச் சிரிப்பா என்று தெரியவில்லை. கடையில் வருகிற புதுப் பையன்கள் சொல்கிற மாடல் பெயர் எதுவும் தலையில் நிற்பதில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் 'ஒண்ணும் ஆகாது' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மூச்சு விட்டுக்கொண்டு, சம்பத்குமார் அவளைப் பார்த்தார்.

"உனக்கு என்ன பயம்?"

கோகிலாமணி வாயைத் திறந்தாள். இருபது வருஷம் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடியிருக்கிறாள், ஒன்றரை வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"எனக்கு எதுவுமே தெரியாதுங்க" என்றாள். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டே இருக்கறேன். ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா? ஒவ்வொரு குழந்தையையும் உள்ள கொண்டு வர்றப்ப எனக்குப் பயமா இருக்குது. அந்த மெஷினைவிட எனக்குத்தான் அதிகமா..."

சம்பத்குமாருக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. பம்பைப் பற்றியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றார்.

அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சமையலறையில் தோசை கருகும் வாசனை வந்தது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.